இரண்டு காசும் மீதிக் கணக்கும்

(ஊரப்பாக்கத்தில் நம் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இவ்விழாவில் ஒவ்வொருவரும் தத்தம் சமய நெறி வாழ்வில் எவ்வாறு செயற்படுகிறது எனப் பேசவேண்டும் என்று பொறுப்பாளர்கள் பணித்தபோது, எனக்குரிய பொருளாகக் ‘கிறித்தவ நம்பிக்கையும் அன்றாட வாழ்வும்’ என்பதைத் தந்தார்கள். நான் இறையியல் கற்றவள் அல்லேன், தமிழ் பயிற்றுவிப்பவள். கவிஞர் நிறைந்த அவையில் மறையுரை ஆற்றுவது எனக்கும் பொருந்தாது, உங்களுக்கும் பிடிக்காது. ஆதலால் எனக்குத் தெரிந்த வழியில், ஒரு தமிழ்ப் புலவரின் வாழ்வைக் கொண்டு இப்பொருளை அணுகுகின்றேன்.

இங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள தாம்பரத்துக்கு, 1937ஆம் ஆண்டில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி இடம்பெயர்ந்து வந்தது. அதற்கடுத்த ஆண்டு, 1938 திசம்பரில், பல நாடுகளிலிருந்தும் வந்த கிறித்தவ அறிஞர்கள் அங்குக் கூடி, தம் சமயத்துக்கும் பிற சமயங்களுக்கும் உள்ள உறவு குறித்து விரிவாக ஆய்ந்தனர். அத்தகைய பெரிய வினாக்களுக்கு இன்று நான் போகவில்லை. நான் எடுத்துக்கொள்ளும் வினா மிகச் சிறியது. ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் ஒருவர் நம்புவது திங்கட்கிழமை அவருடைய அலுவலகத்தில் என்ன செய்கிறது? இவ்வளவே என் வினா.

இயேசு பெருமான் சொன்ன உவமைக் கதைகளுள் நல்ல சமாரியன் கதையை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். கள்வரால் அடிபட்டுக் குற்றுயிராய்க் கிடந்தவனைச் சமயப் பெரியவர் இருவர் கண்டும் காணாமல் கடந்து சென்றனர். இழிவாகக் கருதப்பட்ட இனத்தைச் சேர்ந்த ஒருவன் நின்று, காயம் கட்டி, தன் விலங்கின்மேல் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான். கதையின் இந்தப் பகுதியைத்தான் நாம் மேடைகளில் சொல்கிறோம். ஓவியர்களும் இதையே வரைகிறார்கள். ஆனால் கதை அங்கு முடியவில்லை. மறுநாள் அவன் சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுக்கிறான். இதற்கு மேல் செலவானால் திரும்பி வரும்போது தீர்ப்பதாகவும் சொல்கிறான். முதல்நாள் இரக்கம் எவர்க்கும் எழக்கூடும். மறுநாள் காசு எண்ணிக் கொடுத்து, மீதிக் கணக்கையும் தன்மேல் ஏற்றுக்கொள்வது அரிது. நம்பிக்கை நடைமுறையாவதை அந்த இரண்டு காசில்தான் நான் காண்கின்றேன்.

இனி, புலவரிடம் வருவோம்.

நம் கல்லூரிப் பாடத்திட்டங்களில் கிறித்தவத் தமிழ் இலக்கியம் என்னும் பகுதி உண்டு. வீரமாமுனிவரின் தேம்பாவணி, எச். ஏ. கிருட்டிணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் எனப் பட்டியல் நீளும். மாயூரம் வேதநாயகம் பிள்ளை அப்பட்டியலில் ஓரமாக நிற்பார். உரைநடைப் பகுதியில்தான் அவருக்கு இடம். தமிழின் முதல் புதினம் எது, ஆண்டு எது என்ற ஒரு மதிப்பெண் வினாவுக்குப் ‘பிரதாப முதலியார் சரித்திரம், 1879’ என்று மாணவர் எழுதுவர். நாமும் மதிப்பெண் இட்டுவிடுவோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கற்பித்தேன். அவர் என்ன வேலை பார்த்தார், அதை எப்படிப் பார்த்தார் என்று ஒருநாளும் வகுப்பில் கேட்டதில்லை.

வேதநாயகம் பிள்ளை 1826ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும், பின்னர் மொழிபெயர்ப்பாளராகவும் பணியாற்றினார். 1857இல் தரங்கம்பாடியில் முன்சீப் ஆனார். பின்பு சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவி வகித்தார். ஓய்வுக்குப் பின் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் இருந்தார். 1889 சூலை 21இல் மறைந்தார். அவருடைய வாழ்நாளின் நல்ல பகுதி வழக்குமன்றத்தில் கழிந்தது. அவருடைய நம்பிக்கை செயற்பட்ட இடமும் அதுவே.

மூன்று செய்திகளை மட்டும் எடுத்துரைக்கின்றேன்.

முதலாவது, கை. முன்சீப் பதவி என்பது அக்காலத்தில் ஊர்மக்களுக்கு மிக அருகில் இருந்த நீதிப் பதவி. நிலத்தகராறு, கடன், பங்குரிமை என்று வருவோர் பெரும்பாலும் எழுதப் படிக்க அறியாதவர். வழக்குமன்ற வாசலைத் தாண்டுவதற்குள் பலருடைய கைகளை நனைக்கவேண்டிய நிலை. அத்தகைய பதவியில் அமர்ந்த இரண்டே ஆண்டுகளில், 1859இல், வேதநாயகர் நீதிநூலை வெளியிட்டார். அந்நூலில் கைக்கூலியைக் கண்டித்து ஓர் அதிகாரமே உண்டு. கைக்கூலி என்றால் இலஞ்சம்.

அறநூல் எழுதுவது தமிழில் புதிதன்று. ஆனால் பதவியில் இருக்கும் நீதிபதி ஒருவர், தம் பெயரோடு, கைக்கூலி வாங்குவோரைப் பழித்து அச்சிட்டு வெளியிட்டால் என்ன நேரும்? தோற்ற கட்சிக்காரன் ஒவ்வொருவனும் அந்நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்ப்பான். தன் பாட்டே தனக்கு எதிர்ச்சான்றாக வரக்கூடும் என்று தெரிந்தே அவர் எழுதினார். நாம் எழுதும் அறக்கவிதைகளில் குற்றவாளி எப்போதும் வேறொருவராக இருக்கிறார்; அரசியலார், அதிகாரி, செல்வர், உலகம். வேதநாயகரோ தம் நாற்காலியைப் பற்றியே பாடினார். கவிஞர்கள் இதனைச் சிந்திக்க வேண்டுகின்றேன்.

இரண்டாவது, மொழி. சதர் அதாலத்து என்று வழங்கிய உயர் வழக்குமன்றத்தின் தீர்ப்புகளே கீழ்மன்றங்களுக்கு வழிகாட்டி. அவை ஆங்கிலத்தில் இருந்தன. வழக்காடும் குடியானவனுக்குத் தன் தலைவிதி எந்த விதியால் எழுதப்படுகிறது என்பது தெரியாது. வேதநாயகர் 1805 முதல் 1861 வரையான அத்தீர்ப்புகளின் சாரத்தைத் தமிழாக்கிச் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்னும் பெயரில் 1862இல் வெளியிட்டார். சென்னை உயர்நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டுதான். பகலில் வழக்குக் கேட்டுவிட்டு, எஞ்சிய பொழுதில் ஐம்பத்தாறு ஆண்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்குவது எத்தகைய உழைப்பு! அதில் கவிச்சுவை இல்லை; புகழும் பெரிதாக இல்லை. இன்று அந்நூலைச் சுவைக்காக எவரும் படிப்பதில்லை.

தமிழ்ப்பற்று என்று நாம் இதனை எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பற்றுதான், ஐயமில்லை. ஆயினும், எதிரே நிற்பவன் தனக்கு நேர்வது இன்னதென அறியவேண்டும் என்ற அக்கறை அதனுள் இருக்கிறது. அயலானைத் தன்னைப்போல் எண்ணவேண்டும் என்பது கிறித்தவ நெறியின் அடிப்படை. நீதிமன்றத்தில் அயலான் யார்? கூண்டில் நின்று, புரியாத மொழியில் தன்னைப்பற்றிப் பேசப்படுவதைக் கேட்டுக்கொண்டிருப்பவன்தான். பின்னாளில் எழுதிய புதினத்திலும், தமிழ் வழங்கும் நாட்டின் வழக்குமன்றத்தில் வழக்கறிஞர் ஆங்கிலத்தில் வாதாடுவதை அவர் கடுமையாக எள்ளி நகையாடுகிறார். அந்த நகைச்சுவைக்குப் பின்னால் பல ஆண்டு நாற்காலி அனுபவம் இருக்கிறது.

மூன்றாவது, வயிறு. 1876இல் பருவமழை பொய்த்தது. 1878 வரை நீண்ட அப்பெரும்பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். நம் சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, அந்நாளைய பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். 1877இல் நிவாரணக் கூலி, ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் சிறு காசும் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. அந்தக் கூலியைக் கொண்டு மண் சுமந்தனர்.

அக்காலத்தில் வேதநாயகர் பதவியில் இல்லை, ஓய்வு பெற்றவர். தம் பொருளைச் செலவிட்டு மாயூரத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அதனைக் கண்டு, நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருட்டிண பாரதியார் அவரைப் பாராட்டிப் பாடினார் என்பது இலக்கிய வரலாறு. பாரதியார் சைவர், பாடப்பெற்றவர் கத்தோலிக்கர். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இந்தக் கிறித்தவ நண்பர்மீது குளத்தூர்க் கோவை பாடியிருக்கிறார். திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடமும் வேதநாயகர்க்கு நெருங்கிய நட்பு இருந்தது.

இந்நட்புக்காக அவர் தம் நம்பிக்கையை மறைத்தாரா? இல்லை. தேவமாதா அந்தாதி, திருவருள் மாலை முதலியன பாடியவர் அவரே. பஞ்சகாலத்தில், 1878இல், அவர் வெளியிட்டது ‘சர்வ சமய சமரசக் கீர்த்தனை’. எச்சமயத்தாரும் தத்தம் கடவுளை நினைந்து பாடத்தக்க கீர்த்தனைகள் அவை. கஞ்சித்தொட்டிக்கு வருபவனிடம் நீ எந்தக் கோயிலுக்குப் போகிறவன் என்று கேட்பதற்கில்லை. பாட்டுக்கு வருபவனிடமும் அவர் அதைக் கேட்கவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. வேதநாயகர் குறையே அற்றவர் என்று நான் கூறவரவில்லை. பெண்கல்விக்காக அவர் உரத்துக் குரல் கொடுத்தார். ஞானாம்பாள் என்னும் பெண்ணை ஆண்வேடத்தில் அரியணை ஏற்றி, நாட்டைச் சீர்திருத்தவும் செய்தார். அதே கையால் எழுதிய பெண்மதி மாலையில், கணவனுக்கு அடங்கி நடப்பதே பெண்ணுக்குப் பெருமை என்ற அறிவுரையும் நிறைந்திருக்கிறது. வகுப்பில் அப்பகுதியைப் படிக்கும்போது என் மாணவியர் முகம் சுளிப்பார்கள். அவர்கள் சுளிப்பது நியாயமே. தம் காலத்தின் சுவரில் சில இடங்களில் அவர் முட்டி நின்றார். நம்பிக்கை ஒருவரை ஒரேயடியாக மாற்றிவிடுவதில்லை. அவரவர் வாழ்வில் ஒவ்வோர் அறையாகத்தான் அது நுழைகிறது. நுழையாத அறைகளும் எஞ்சிவிடுகின்றன.

இந்தக் ‘கணக்கு’ நெறிக்கு இருபதாம் நூற்றாண்டிலும் ஒரு தமிழ்ச் சான்று உண்டு. 1892இல் தஞ்சையில் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே. சி. குமரப்பா, வெளிநாட்டில் பயின்ற கணக்காயர். 1929இல் காந்தியடிகளைச் சந்தித்தபின் மேல்நாட்டு உடையையும் வருவாய் மிக்க தொழிலையும் துறந்து, கிராமத் தொழில்களுக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தார். 1934இல் பீகார் நிலநடுக்கத்தின்போது நிவாரண நிதியின் கணக்கைக் காத்தவர் அவர். பொதுப்பணத்தில் ஓர் அணாவும் வழிதவறக் கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பு பெயர்பெற்றது. சிறையிலிருந்தபோது எழுதி 1945இல் வெளிவந்த அவருடைய ஆங்கில நூல் ஒன்று, இயேசுவின் நடைமுறையும் போதனையும் பற்றியது. நாம் வழக்கமாகப் போதனையை முன்னும் நடைமுறையைப் பின்னும் வைப்போம். அந்நூலின் தலைப்பில் நடைமுறை முன்னால் நிற்கிறது. கணக்கர் ஒருவர்க்கே அந்த வரிசை தோன்றும் போலும்.

அவையோரே! இதுவரை பிறர் கணக்கைப் பார்த்தோம். இப்போது என் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சொல்லாமல் இப்பொருள் குறித்துப் பேச எனக்குத் தகுதியில்லை.

நம் வட்டம் தொடங்கிய 2015ஆம் ஆண்டின் இறுதியில் வந்த பெருமழையை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். திசம்பர் முதல் நாள் தொடங்கிய ஒருநாள் மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. முடிச்சூரும் வரதராசபுரமும் மூழ்கின. ஊரப்பாக்கத்துத் தெருக்களிலும் இடுப்பளவு நீர் நின்ற இடங்கள் உண்டு. நம் வீடுகளிற் பல எந்த ஏரியின் நீர்வழியில் எழுந்தவை என்பதை அன்றைக்கு நீரே வந்து காட்டிவிட்டுப் போயிற்று. என் குடும்பம் மாடியில் இருந்தமையால் எங்களுக்கு இழப்பு ஏதுமில்லை. மின்சாரம் இல்லை, பால் இல்லை என்ற குறையோடு போயிற்று.

அடுத்துவந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வெள்ள நிவாரணத்துக்குப் பணம் திரட்டினார்கள், நானும் கொடுத்தேன். மாத இறுதியில் நம் வட்டம் கூடியபோது, வந்திருந்த அனைவரும் மழைக்கவிதை வாசித்தோம். என் கவிதையில், வெள்ளத்தில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டதைப் பாடியிருந்தேன். கைதட்டல் கிடைத்தது. இங்கு அமர்ந்திருப்போரில் சிலர் அதனை இன்றும் நினைவில் வைத்துப் பாராட்டுகிறீர்கள்.

சனவரி முதல் நாள் புதிய வீட்டுக்கணக்குப் புத்தகம் தொடங்குவதற்காகப் பழைய புத்தகத்தைப் புரட்டினேன். திசம்பர் மாதப் பக்கத்தில் என் கையெழுத்திலேயே இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று: ‘வெள்ள நிவாரணம், 2000 ரூபாய்’. அதற்கு நான்கு வரி கீழே மற்றொன்று: ‘வேலைக்கு வராத நாள் 5, பிடித்தம் 250 ரூபாய்’.

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கிவந்த அம்மாவின் சம்பளக் கணக்கு அது. மாதம் 1500 ரூபாய். ஏரிக்கரையை ஒட்டிய அவர் வீட்டில் நீர் புகுந்து, பாயும் அரிசியும் பிள்ளைகளின் புத்தகங்களும் போய், அவர் பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் தங்கியிருந்த ஐந்து நாட்களுக்கு நான் கூலி பிடித்திருக்கிறேன். கோபத்தில் செய்ததன்று; வன்மத்தில் செய்ததுமன்று. வராத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது எங்கள் தெரு வழக்கம். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அதே ஐந்து நாளும் கல்லூரிக்கு விடுமுறை. நானும் வேலைக்குப் போகவில்லை. என் சம்பளத்தில் ஒரு ரூபாயும் குறையவில்லை.

மறுநாள் காலை அவரிடம் அந்தப் பணத்தைக் கொடுத்து, தவறு நேர்ந்துவிட்டது என்றேன். அவர் எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். “நீங்க கணக்குல கறாரும்மா. அதான் நான் கேக்கல” என்றார். பிறகு பாத்திரம் துலக்கப் போய்விட்டார்.

அதில் பழிப்பு இல்லை. என்னைப்பற்றி அவர் அறிந்துவைத்திருந்த ஒரு செய்தியைச் சொன்னார், அவ்வளவே. என் முனைவர்ப் பட்டம் அவருக்குத் தெரியாது. ஞாயிறுதோறும் நான் ஆலயம் போவது தெரியும். கவிதை எழுதுவதும் ஓரளவு தெரியும். ஆயினும் என்னிடம் கேட்கலாம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அந்தக் கவிதையை அதன்பின் நான் எந்தத் தொகுப்பிலும் சேர்க்கவில்லை. வரிகள் பிழையானவை அல்ல. எழுதியவளுக்கு அவை இன்னும் உரியவை ஆகவில்லை.

வேதநாயகரின் பஞ்சக் கீர்த்தனைகளை அதற்குப் பிறகு வகுப்பில் எடுத்தபோது, அவற்றை வேறுவிதமாகப் படிக்கவேண்டியதாயிற்று. அந்தக் கீர்த்தனைகளைப் பாடியவர் வீட்டுக் கணக்கில், அரிசிக்கும் விறகுக்கும் ஆன செலவு எழுதப்பட்டிருக்கும் அன்றோ?

நாம் ஒவ்வொருவரும் யாரோ ஒருவர் மீது சிறிய அதிகாரம் உடையவர்களாய் இருக்கிறோம். ஆசிரியர்க்கு மதிப்பெண், அலுவலர்க்குக் கையெழுத்து, கடைக்காரர்க்குத் தராசு, வீட்டுக்காரர்க்கு வாடகை, இல்லத்தரசிக்குச் சம்பளக் கணக்கு. நம்பிக்கை முதலில் அங்குதான் சோதிக்கப்படுகிறது என்பது என் துணிபு. இதனைக் கிறித்தவர்க்கு மட்டும் உரியதாக நான் கருதவில்லை. எந்தச் சமயத்தைச் சார்ந்தவராயினும், சமயமே வேண்டாதவராயினும், தாம் உயர்ந்ததெனக் கொண்ட ஒன்றுக்கு இதே சோதனைதான்.

நம் வட்டத்துக்கும் ஒரு கணக்குப் புத்தகம் உண்டு. பத்தாண்டில் எத்தனை கூட்டம், எத்தனை நூல் வெளியீடு என்பது இம்மலரில் வந்திருக்கிறது, மகிழ்ச்சி. அத்துடன் வேறு சிலவற்றையும் பார்க்கலாம். மாதந்தோறும் நாற்காலி போடும் இளைஞர்க்கு என்ன கொடுக்கிறோம்? தொலைவிலிருந்து வரும் பேச்சாளர்க்குக் கிளாம்பாக்கம் பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோக் கட்டணம் யார் கொடுக்கிறார்? பரிசுக்கு வந்த தொகுப்புகளில் நண்பரின் நூலையும் அறிமுகமில்லாதவர் நூலையும் ஒரே கண்ணால் படிக்கிறோமா? அச்சகத்தில் இம்மலரைக் கணினியில் கோத்த பெண்ணுக்குச் சேரவேண்டிய தொகை விழாவுக்கு முன் சேர்ந்ததா, விழா முடியட்டும் என்று சொல்லப்பட்டதா? இவை கவிதைக்குப் புறம்பான வினாக்கள் என்று தோன்றலாம். நான் அப்படி நினைக்கவில்லை.

நான் இப்போதும் வீட்டுக்கணக்கு எழுதுகின்றேன், கறாராகத்தான் எழுதுகின்றேன். பிடித்தம் என்ற சொல்லை எழுத நேரும்போது மட்டும் பேனாவைச் சற்றே நிறுத்திவைக்கிறேன். சில மாதங்களில் அச்சொல் எழுதப்படாமலே போகிறது. சில மாதங்களில், உள்ளதைச் சொல்வதானால், எழுதிவிட்டு அடிக்க வேண்டியிருக்கிறது. அந்த அம்மா இப்போது தம் மகளுடன் கூடுவாஞ்சேரிப் பக்கம் இருக்கிறார். அண்மையில் வந்தபோது, பேத்தியின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கொஞ்சம் குறைகிறது என்று தாமாகவே கேட்டார். கேட்டார் என்பதே எனக்குப் போதுமாய் இருந்தது.